பலகை அறுக்கும்போது தூள் அடங்காததேன்?

கதவு நிலையும் ஏர்க்காலும் வண்டிச் சக்கரமும் செய்துவந்த கிராமத் தச்சர்களில் பலர் இன்று ஒட்டுப்பலகையிலும் எம்.டி.எஃப். பலகையிலும் அலமாரிகள் செய்பவர்களாக மாறியிருக்கின்றனர். வேலையின் தன்மை மாறியதோடு வேலை நடக்கும் இடமும் மாறிவிட்டது. முன்பு புளியமரத்தடியில் அறுத்தார்கள். எழுந்த தூளைக் காற்று கொண்டு போயிற்று. இப்பொழுதோ வீட்டுக் கூடத்திலும், பள்ளி வகுப்பறையிலும், அங்கன்வாடிக் கட்டடத்திலும், நூலக அறையிலும் பலகையைக் கிடத்தி அங்கேயே அறுக்கிறார்கள். தூள் வெளியே போக வழியில்லை. அறுத்தவர் மாலையில் போய்விடுகிறார். தூள் அங்கேயே இருக்கிறது.

இவ்வேலைக்கென வந்துள்ள கருவிகளில் சிறந்தது, தச்சர்கள் ‘டிராக் சா’ என்று அழைக்கும் ரம்பம். நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்றைப் பலகையின் மேல் வைத்து, அதன் மேல் மின் ரம்பத்தை ஓட்டுவதே இதன் முறை. தண்டவாளத்தில் ரயில் போவதுபோல் ரம்பம் நேர்கோட்டில் செல்லும். இக்கட்டுரையில் இதனைச் சட்ட ரம்பம் என்றே குறிப்பிடுவோம். இதன் வட்டத் தகடு பொதுவாக 160 அல்லது 165 மி.மீ. விட்டமுடையது. தகட்டைச் சுற்றி மூடிய உறையும், உறையின் பின்புறத்தில் தூள் வெளியேறும் வாயும் அமைந்திருக்கின்றன. அவ்வாயில் தூசு உறிஞ்சும் யந்திரத்தின் குழாயை மாட்டினால், எழும் தூளில் பெரும்பகுதி நேரே மூட்டைக்குள் போய்விட வேண்டும். திறந்த தகடுள்ள சாதாரண வட்ட ரம்பத்தைவிட இதற்கு அதிக விலை கொடுத்து வாங்குவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம்.

ஆனால் வாங்கியபின், “குழாயை மாட்டினாலும் தூள் பறக்கத்தான் செய்கிறது” என்று சொல்வோர் பலர். கருவியைக் குறை கூறி, குழாயைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் குறை சிறியதாகவே இருக்கும். அதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம். பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பஞ்சாயத்தின் பணத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் அலமாரி செய்ய உத்தரவு கொடுப்பவர்கள் அவர்களே. அந்த அறைகளில் மறுநாள் காலை வந்து உட்காருவோர் குழந்தைகள்.

மரத்தூள் என்றால் தும்மலும் கண்ணெரிச்சலுந்தான் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கிலாந்தில் நாற்காலி செய்யும் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஹை விக்கம் நகரத்துத் தொழிலாளரிடையே மூக்குக் குழியில் தோன்றும் அரிய புற்றுநோய் ஒன்று அளவுக்கு மீறிக் காணப்படுவதை அந்நாட்டு மருத்துவர்கள் கண்டார்கள். 1965-ஆம் ஆண்டிலும் 1968-ஆம் ஆண்டிலும் அதுபற்றிய கட்டுரைகள் வெளியாயின. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-இல் வெளியிட்ட தொகுதியில் உறுதியாக வகைப்படுத்தியது. எம்.டி.எஃப். பலகையில் நாரை ஒட்டுவதற்குப் பொதுவாகச் சேர்க்கப்படும் பசையிலிருந்து வெளிப்படும் ஃபார்மால்டிஹைடும் பின்னர் அதே வகுப்பில் வைக்கப்பட்டது. தேக்கு, ஈட்டி முதலிய மரங்களின் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும் என்பதைத் தச்சர்கள் தாங்களே அறிவார்கள்.

கண்ணுக்குத் தெரிந்து தரையில் விழும் பருந்தூள் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாததே கெடுதல் செய்கிறது. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். 10 மைக்ரான் அளவுள்ள துகள் அசையாத காற்றில் ஆள் உயரத்திலிருந்து தரையை அடையச் சுமார் பத்து நிமிடம் ஆகும். 2 மைக்ரான் அளவுள்ளதற்குச் சில மணி நேரம் ஆகும். அறுப்பு முடிந்து, தேநீர் அருந்திவிட்டு, முகத்துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்ப அறைக்குள் வரும்பொழுதும் அது காற்றில் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. துண்டு இதனைத் தடுக்காது. வேலை செய்பவர் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்-95 வகை முகக்கவசத்தை அணிவது அவசியம். எனினும் அறையில் பிறகு வருவோருக்கு அது உதவாது. ஆகவே தூளை எழும் இடத்திலேயே பிடிப்பதுதான் வழி.

தூள் எங்கே விழுகிறது?

ரம்பத்தில் குறையா, குழாயில் குறையா, யந்திரத்தில் குறையா என்று கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது வீண் செலவு. முதலில், சுத்தமாகத் துடைத்த பலகையை ஒரு முழு நீளத்துக்கு அறுத்து, தூள் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது விழுந்த இடமே குறையைச் சொல்லிவிடும்.

இதைப் புரிந்துகொள்ள, தகடு எப்படிச் சுழல்கிறது என்பதை அறிய வேண்டும். ரம்பம் முன்னோக்கிச் செல்லும்போது, தகட்டின் முன்பாகத்திலுள்ள பற்கள் கீழிருந்து மேலாக எழுகின்றன. பலகையின் அடிப்பக்கத்தில் மரத்தைக் கவ்விய பல், மேற்பரப்பின் வழியே தூளுடன் வெளிவந்து, அதை உறைக்குள் வீசுகிறது. தூள் உறையின் உட்புறமாகத் தகட்டோடு சுற்றிப் பின்வாயை அடைகிறது. அங்கே உறிஞ்சும் காற்று வலுவாக இருந்தால் குழாய்க்குள் போய்விடும். வலுவில்லையெனில், தூள் தகட்டோடு மேலும் சுற்றிப் பின்பக்கமாகக் கீழிறங்கி, அறுத்த பிளவின் வழியே திரும்பவும் வெளியே வந்துவிடும்.

ஆகவே, ரம்பம் சென்ற வழியில், அதன் பின்னாலேயே கோடு போட்டதுபோல் தூள் படிந்திருந்தால், குறை உறையிலோ பின்வாயிலோ குழாயிலோ உள்ளது. பலகைக்கு அடியில் குவிந்திருந்தால், தகடு அளவுக்கு மீறி இறக்கப்பட்டிருக்கிறது. பலகையின் ஓரத்திற்கு வெளியே பக்கவாட்டில் சிதறியிருந்தால், அறுத்த முறையில் பிழை. பலகையைச் சுற்றிலும் சுத்தமாக இருந்து, தூசு உறிஞ்சியின் காற்று வெளிவரும் இடத்தருகே மெல்லிய படலம் படிந்திருந்தால், வடிகட்டி பழுது.

கடைசியாகச் சொன்னது எளிதில் புலப்படாது. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியாக விழும் வெயில் கதிரில் தூசு மிதப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மற்ற நேரங்களிலும் தூசு இருக்கத்தான் செய்கிறது, கதிர் இல்லாததால் தெரிவதில்லை. அதேபோல், அறையை இருட்டாக்கி, வலுவான கைவிளக்கின் ஒளி ரம்பத்தையும் உறிஞ்சியையும் கடந்து எதிரே வருமாறு வைத்து, சற்று விலகி ஒளிக்கற்றையை நோக்கினால், எங்கிருந்து புகை போல் கிளம்புகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஒளியை நேரே கண்ணில் வாங்கக் கூடாது. தொழிற்சாலைச் சுகாதாரப் பரிசோதகர்களும் இவ்வகை விளக்கையே பயன்படுத்துகிறார்கள்.

எவ்வளவு தூள் தப்புகிறது என்பதை எடை போட்டும் அறியலாம். 8 அடி, அதாவது 2,440 மி.மீ. நீளம், 18 மி.மீ. தடிப்பு, தகட்டுப் பல்லின் அகலம் 2.2 மி.மீ. என்று கொண்டால், ஓர் அறுப்பில் தூளாகும் மரம் சுமார் 97 கன சென்டிமீட்டர். ஒட்டுப்பலகையானால் அது ஏறக்குறைய 58 கிராம், எம்.டி.எஃப். ஆனால் 72 கிராம். பத்து அறுப்புக்கு ஒட்டுப்பலகையில் 580 கிராம் தூள் எழ வேண்டும். மூட்டையை வேலைக்கு முன்னும் பின்னும் மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 530 கிராம் சேர்ந்திருந்தால் வேலை நன்றாக நடக்கிறது. 400 கிராம்தான் சேர்ந்தது என்றால், மூன்றில் ஒரு பங்கு, அதாவது 180 கிராம், அறையில்தான் கிடக்கிறது. பலகைக்குப் பலகை எடை சற்று மாறுமாதலால் இக்கணக்கைத் துல்லியமானதாகக் கொள்ள வேண்டியதில்லை. குறையின் அளவை அறிய இது போதும்.

பம்புசெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்

உறிஞ்சும் காற்றின் வலு குறைவதற்கான காரணங்களை விவசாயிகளுக்கு விளக்குவது கடினமன்று. கிணற்றுப் பம்புசெட் தண்ணீர் எடுக்காவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? அடிவால்வில் சருகு அடைத்திருக்கிறதா, உறிஞ்சு குழாயின் மூட்டில் காற்று இழுக்கிறதா, குழாய் மிகவும் குறுகலானதா, மோட்டாருக்கு மின்னழுத்தம் போதுமா என்று வரிசையாகப் பார்க்கிறோம். இங்கும் அதே வரிசைதான்.

அடிவால்வுக்கு ஒப்பானது ரம்பத்து உறையின் பின்வாய். ஒட்டுப்பலகையிலிருந்து பெயரும் மெல்லிய சிம்பு ஒன்று அவ்வாயின் வளைவில் குறுக்கே சிக்கிக்கொள்ளும்; அதன்மேல் தூள் அடைந்து இறுகிவிடும். குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் தெரியும். ரம்பத்தின் மின்செருகியைப் பிடுங்கிய பிறகே உறையைத் திறக்க வேண்டும். விசையை மட்டும் நிறுத்திவிட்டு விரலை விடுவது மிகவும் ஆபத்தானது. குச்சியாலோ பழைய தூரிகையாலோ அடைப்பை நீக்கலாம். ஈரமான மரத்தையும் பிசின் உள்ள மரத்தையும் அறுத்தபின் உறையின் உட்சுவரில் அடை போல் படியும் தூளையும் சுரண்டிவிட வேண்டும். நாம் கண்டவரையில், முறையீடுகளில் பெரும்பகுதி இந்த ஒரு சோதனையிலேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்து மூட்டுகள். ரம்பத்தின் வாயும் குழாயின் முனையும் வெவ்வேறு கம்பெனிகளின் பொருள்களாயிருந்தால் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. துணியைச் சுற்றியோ, ஒட்டு நாடாவால் கட்டியோ சமாளிக்கிறார்கள். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று புகுந்துவிடுவதால், தகட்டருகே இழுக்க வேண்டிய காற்று குறைந்துபோகிறது. சரியான ரப்பர் இணைப்பு வாய் ஒன்றை வாங்கிவிடுவதே நல்லது. அதன் விலை அற்பம். கசிவைக் காண, யந்திரம் ஓடும்போது மெல்லிய காகிதத் துண்டை மூட்டுகளின் அருகே பிடித்தால், கசியும் இடத்தில் அது இழுபடும். ஊதுபத்திப் புகையால் சோதிப்பாரும் உண்டு. மரத்தூளை உறிஞ்சும் குழாயின் அருகே கனலைக் கொண்டுபோவது புத்திசாலித்தனம் அன்று.

குழாயின் விட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சந்தையில் 27 மி.மீ., 36 மி.மீ. ஆகிய இருவகைக் குழாய்கள் மிகுதி. வித்தியாசம் 9 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் 36 மி.மீ. குழாயின் குறுக்குப் பரப்பு மற்றதைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. ஒரே அளவு காற்றை இரண்டிலும் செலுத்தினால், குறுகிய குழாயில் ஏற்படும் தடை நான்கு மடங்குக்கு மேல். இரண்டங்குலக் குழாயில் வரும் நீரை ஒன்றரை அங்குலத்தில் இழுக்க முயன்றவர்களுக்கு இது விளங்கும். கையில் பிடிக்கும் சிறு மெருகிடும் கருவிகளுக்கு 27 மி.மீ. போதும், அதையே சட்ட ரம்பத்துக்கும் மாட்டுவதால்தான் பல இடங்களில் தூள் மிஞ்சுகிறது. 36 மி.மீ. குழாயில் மரத்தூள் தங்காமல் ஓட வேண்டுமானால், காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். அதற்கு நிமிடத்துக்குச் சுமார் 1,200 லிட்டர் காற்று தேவை. உறிஞ்சியின் பெட்டியில் அச்சடித்திருக்கும் அளவு, குழாய் மாட்டாதபோது கிடைக்கும் உச்ச அளவாகும்; குழாய், மூட்டை, வடிகட்டி ஆகியவற்றைத் தாண்டியபின் அதில் பாதி கிடைத்தாலும் போதும் என்று வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாயின் நீளம் கூடக்கூடத் தடையும் கூடுமாதலால், தேவைக்கு மேல் நீளமான குழாயைச் சுருட்டிப் போட்டு வேலை செய்வதும் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. மர இழைப்பு யந்திரங்களுக்கென விற்கப்படும், நான்கு அங்குலக் குழாயும் பெரிய துணி மூட்டையும் உடைய ஊதுவிசிறியைச் சட்ட ரம்பத்தின் சிறு வாயில் குறுக்கி மாட்டுகிறார்கள். “இவ்வளவு பெரிய யந்திரம், ஏன் இழுக்கவில்லை?” என்று வியக்கிறார்கள். வாய்க்காலிலிருந்து வயலுக்குப் பெருவாரியாக நீர் இறைக்கும் பம்பை ஆழ்துளைக் கிணற்றில் மாட்டினால் என்ன ஆகும்? அந்த ஊதுவிசிறி நிறையக் காற்றைத் தள்ளும். ஆனால் அதன் இழுப்பு 20, 25 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்குச் சமம். தூசு உறிஞ்சியின் இழுப்போ 200 சென்டிமீட்டருக்கு மேல். குறுகிய வாய்க்கு வேண்டியது பின்னது.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. ரம்பம் 1,200 வாட், உறிஞ்சி 1,200 வாட் என்றால் இரண்டும் சேர்ந்து பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வீடுகளிலுள்ள 6 ஆம்பியர் துளையில் இரண்டையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் மாட்டினால், கம்பி சுடுவதோடு மின்னழுத்தமும் இறங்கும். 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் கிடைக்கும் மாலை நேரத்தில் உறிஞ்சியின் விசிறி மெதுவாகச் சுழலும். இழுப்பு வெகுவாகக் குறையும். காலையில் நன்றாக இழுத்த யந்திரம் மாலையில் இழுக்கவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். 16 ஆம்பியர் துளையும், தடித்த கம்பியும் அவசியம்.

அறுக்கும் முறை

கருவிகள் யாவும் சரியாக இருந்தும் தூள் பறந்தால் அறுக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். தகட்டை எவ்வளவு ஆழம் இறக்குவது? பலகையின் தடிப்புக்கு மேல் 2 அல்லது 3 மி.மீ. போதும். ஆழம் காட்டும் அளவுகோலில் சட்டத்தின் தடிப்பும் சேர்ந்துள்ளதா என்பதைக் கருவிக்குக் கருவி பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் மாற்றுவது தொல்லை என்று முழு ஆழத்தில் வைத்துவிடுவோர் உண்டு. அப்பொழுது பலகைக்கு அடியில் வெளியே நீளும் தகடு விசிறிபோல் காற்றை அலைத்து, உறையிலிருந்து தப்பிய தூளைக் கீழே இறைக்கும். பற்கள் செங்குத்தாக எழுவதால் மேற்பரப்பில் சிம்பும் அதிகமாகும். ஆகவே ஆழத்தைச் சரிசெய்வது தூளுக்காக மட்டுமன்று, வேலையின் நேர்த்திக்காகவும்தான்.

பலகையை இரண்டு முக்காலிகளின் மேல் அந்தரத்தில் வைத்து அறுப்பதைவிட, தரையில் ஒரு கழிவுப் பலகையை விரித்து அதன்மேல் வைத்து அறுப்பது மேல். பிளவின் அடிப்பக்கம் மூடியிருப்பதால், பின்பக்கம் இறங்கும் தூள் பிளவுக்குள்ளேயே தங்கி, மேலே இழுக்கும் காற்றோடு போய்விடும். தெர்மோகோல் தகட்டை விரிப்பது சிலருடைய வழக்கம். அதன் மணிகள் காற்றில் பறந்து வாய்க்காலிலும் வயலிலும் போய்ச் சேர்வதால் அதை நாம் சிபாரிசு செய்வதற்கில்லை.

ஓரத்தைச் சீவுவதுதான் மிகக் கடினமான கட்டம். பலகையின் விளிம்பிலிருந்து ஒன்றிரண்டு மி.மீ. மட்டும் எடுக்கும்போது, தகட்டின் ஒரு பக்கத்தில்தான் மரம் இருக்கிறது, மறுபக்கம் திறந்தவெளி. பிளவு என்ற கால்வாயே இல்லை. எந்த உறிஞ்சியும் இத்தூளை முழுவதும் பிடிக்காது. இதற்கு இரண்டு உபாயங்கள் உள்ளன. பலகையை வெட்டத் திட்டமிடும்போதே ஓரத்தில் 10 அல்லது 15 மி.மீ. கழிவு வருமாறு அளந்துகொள்வது ஒன்று. அது முடியாவிட்டால், அதே தடிப்புள்ள கழிவுத் துண்டை விளிம்போடு ஒட்டி வைத்து, இரண்டுக்கும் நடுவே அறுப்பது மற்றொன்று. அறுப்பு முடியும் முனையிலும் இதே தொல்லை உண்டு. ரம்பத்தின் முன்பாகம் பலகையைக் கடந்ததும் உறையின் அடி திறந்துவிடும். அங்கும் ஒரு துண்டை ஒட்டி வைத்தால் போதும்.

உறையின் பக்கத்தில் கோட்டைப் பார்ப்பதற்கென ஒரு சிறு ஜன்னலும், சிம்பைத் தடுக்கும் பிளாஸ்டிக் தகடும் இருக்கும். இவை தொலைந்துபோன கருவிகளே அதிகம். சட்டத்தின் ஓரத்திலுள்ள ரப்பர் விளிம்பு தேய்ந்து கிழிந்திருந்தால் அதையும் மாற்ற வேண்டும். விளிம்பு பலகையோடு ஒட்டி நிற்பது தூளுக்கும் ஓர் அணை.

தகடு மழுங்கியிருந்தால் மரத்தை வெட்டாமல் தேய்க்கும்; தூள் மாவாகும்; மாவு வடிகட்டியை அடைக்கும். கருகிய வாடையும், தள்ளுவதற்கு வேண்டிய அதிகப் பலமும் இதற்கு அறிகுறிகள். இன்னொரு குறை அரிதாகக் காணப்படுவது: தகடு, சட்டத்தின் திசைக்கு இணையாக இல்லாமல் சற்றே திரும்பியிருந்தால், பின்பக்கப் பற்களும் மரத்தைச் சுரண்டும். அறுத்த முகத்தில் எதிரெதிராக வளைந்த கீறல்கள் இரண்டு வகையாகத் தெரிந்தால் இக்குறை உள்ளதென்று கொள்ளலாம். அதைச் சரிசெய்யும் திருகு கருவியின் அடித்தட்டில் இருக்கும். பழக்கமில்லாதவர் தொடாமல், விற்பனையாளரிடம் கொடுப்பது உத்தமம்.

மூட்டையும் வடிகட்டியும்

எம்.டி.எஃப். தூள் மற்றெல்லாத் தூளையும்விட நுண்மையானது. மூட்டையில்லாமல் தொட்டியிலேயே நேராக உறிஞ்சினால், நான்கைந்து அறுப்புக்குள் வடிகட்டியின் மேல் அப்பம் போல் படிந்து காற்றை அடைத்துவிடும். மூட்டை மாட்டுவது செலவென்று கருதி இவ்வாறு செய்வது பொய்ச் சிக்கனம். காகித மூட்டையைவிட, நெய்யாத துணியாலான மூட்டை அதிக நேரம் அடையாமல் உழைக்கும். படிந்த வடிகட்டியை வாசலில் தட்டுவதும், அழுத்தக் காற்றால் ஊதுவதும் பிடித்த தூளைத் திரும்பவும் காற்றுக்கே கொடுப்பதாகும். முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு காட்டி, மென்மையான தூரிகையால் ஒரு பைக்குள் தள்ள வேண்டும். காகித வடிகட்டியைக் கழுவி ஈரத்தோடு மாட்டினால் அது அன்றே கெட்டுவிடும்.

ஐரோப்பிய நாடுகளில் உறிஞ்சிகளை எல், எம், எச் என்று மூன்று வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். எல் வகுப்பில் நூற்றுக்கு ஒரு பங்கு வரையிலும், எம் வகுப்பில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு வரையிலும் தூசு தப்பலாம். மரத்தூளுக்கு எம் வகுப்பே ஏற்றது. இவ்வகுப்பு யந்திரத்தில், குழாயின் காற்று வேகம் வினாடிக்கு 20 மீட்டருக்குக் கீழ் இறங்கினால் எச்சரிக்கை ஒலி எழும். அவ்வொலியை நச்சரிப்பாக எண்ணி விசையை அணைப்பவர்கள், அதற்காகவே அதிக விலை கொடுத்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

ரம்பத்துக்கும் உறிஞ்சிக்கும் இடையே காற்றைச் சுழற்றிப் பருந்தூளைப் பிரிக்கும் வாளி ஒன்றை வைப்பது நல்ல ஏற்பாடு. வடிகட்டி பல மடங்கு உழைக்கும். வாளியின் மூடி கசிந்தால் மட்டும் எல்லாம் வீண். ரம்பத்தோடு இலவசமாக வரும் சிறு துணிப்பையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அது பருந்தூளை ஓரளவு பிடிக்கும், நுண்தூளைச் சல்லடைபோல் விட்டுவிடும். வகுப்பறைக்குள் அதை நம்பக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. ஜன்னல் கம்பியை அறுத்துத் தேய்க்கும்போது தெறிக்கும் தீப்பொறியை அதே உறிஞ்சியால் இழுப்பதைச் சில வேலையிடங்களில் காண்கிறோம். பொறி மூட்டைக்குள் மரத்தூளில் விழுந்தால் உள்ளுக்குள்ளேயே கனிந்து, ஆட்கள் போனபின் தீப்பிடிக்கும். இரும்பு வேலைக்கு வேறு யந்திரம் வேண்டும். மரத்தூள் மூட்டையை இரவு முழுவதும் அறைக்குள் வைத்திராமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

பஞ்சாயத்துகள் மர வேலைக்கு உத்தரவு கொடுக்கும்போது இரண்டொரு நிபந்தனைகளைச் சேர்ப்பது நலம். குழந்தைகள் வரும் கட்டடத்தில் இயன்றவரை வெளித் தாழ்வாரத்தில் அறுப்பது. உள்ளே அறுக்க நேர்ந்தால் விடுமுறை நாளில், உறிஞ்சி இணைத்து அறுப்பது. முடிந்தபின் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது. உறிஞ்சியில்லாத தச்சர்களைத் தள்ளிவிடுவதற்காக இதைச் சொல்லவில்லை. ரம்பத்துக்குக் கடன் கேட்டு வரும் தச்சரிடம், உறிஞ்சியையும் சரியான குழாயையும் விலைப்பட்டியலில் சேர்த்தே விண்ணப்பிக்கச் சொல்வது கூட்டுறவு வங்கிக்கும் கடினமன்று.

சேர்ந்த தூளை என்ன செய்வது?

பச்சை மரத்தை அல்லது இயற்கையான மரப்பலகையை அறுத்த தூள் விவசாயிக்குப் பயன்படும். அதை நேரே வயலில் கொட்டினால், மக்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தன்பால் இழுத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கும். சாணத்தோடும் பசுந்தழையோடும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காயாமல் பல மாதம் மக்கவிட்ட பின்னரே இட வேண்டும். கோழிப் பண்ணையில் தரை விரிப்பாகவும் இதை உபயோகிக்கலாம். மருந்து ஏற்றிய மரத்தின் தூளாக இருக்கக் கூடாது.

ஒட்டுப்பலகை, எம்.டி.எஃப்., துகள் பலகை ஆகியவற்றின் தூளை இவை ஒன்றுக்கும் கொடுக்கக் கூடாது. அதில் பசையும் பூச்சி மருந்தும் கலந்திருக்கின்றன. மாட்டுக் கொட்டகையிலும், காளான் வளர்ப்பிலும், எருக்குழியிலும் அதற்கு இடமில்லை. அடுப்பில் போடுவதும், தெருமுனையில் குவித்துக் கொளுத்துவதும் பசையின் நச்சுப் புகையை வீடுகளுக்குள் அனுப்புவதாகும். மூட்டையின் வாயைத் தளர்வில்லாமல் கட்டி, தச்சர் தாமே எடுத்துச் சென்று, மக்காத குப்பை சேகரிக்கும் வண்டியில் சேர்ப்பிக்க வேண்டும். அந்த வண்டியில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டாதிருக்கும்படி தூய்மைப் பணியாளரிடமும் சொல்லிவிட வேண்டும்.